தானே செய்து உண்ணும் இனிப்பு

இனிப்புப் பண்டம் விற்போர் பொதுவாகத் தம் பொருளைச் செய்து முடித்த பின்னரே விற்பர். பாகு காய்ச்சி, வார்த்து, வெட்டி, தாளிற் சுற்றி வைத்த பின்பே அது கடைக்கு வரும். வாங்கும் பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் வேலை தாளைப் பிரிப்பதும் வாயிலிடுவதுமே. இவ்வழக்கத்துக்கு மாறான ஓர் இனிப்பு வகை யப்பான் நாட்டில் நெடுங்காலமாக விற்பனையாகி வருகின்றது. அதன் பொதியைத் திறந்தால் உண்ணத்தக்க பண்டம் எதுவும் கண்ணிற் படாது. சிறு பைகளில் அடைத்த சில பொடிகளும், குழிகள் பொருந்திய ஒரு தட்டும், ஒரு சிறு கரண்டியுமே அதனுள் இருக்கும். பிள்ளை தண்ணீர் ஊற்றி, கலக்கி, உருவாக்கி, அதன் பின்னரே உண்ண வேண்டும்.

செய்து முடியாத ஒன்றைப் பணம் கொடுத்து வாங்குவோர் உளரா என்ற ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும் இப்பொதிகள் விற்பனையாவது அவை முடிவுறாமல் இருப்பதனாலேயேயாம். எவ்வளவு வேலையைத் தொழிற்சாலை செய்துவிட வேண்டும், எவ்வளவு வேலையைப் பிள்ளையின் கைக்கு விட்டுவைக்க வேண்டும் என்பதே இவற்றை வகுப்போர் தீர்க்க வேண்டிய முதற் சிக்கல்.

இவ்வாசை புதியதன்று. தொலைக்காட்சி பரவுமுன் யப்பானியத் தெருக்களிற் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கதை சொல்லும் கதைகாரர் வலம் வந்தனர். துவிச்சக்கர வண்டியில் வரும் அவர் கதைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. இனிப்பு விற்றே பிழைத்தார். அவர் விற்றவற்றுள் ஒன்று நீர்ப்பாகு போன்ற தெளிந்த இனிப்பு. இரு குச்சிகளிற் சுற்றிக் கொடுக்கப்படும் அதனைப் பிள்ளைகள் உடனே உண்பதில்லை. குச்சிகளை மாற்றி மாற்றிப் பிசைய, காற்று உட்புகுந்து பாகு வெண்ணிறமாகும். அந்த வெண்மையைத் தம் கையால் வரவழைப்பதே அவர்களுக்குப் பாதி இன்பம்.

திருவிழாக் கடைகளில் மற்றொரு விளையாட்டும் இருந்தது. இன்றும் ஆங்காங்கே உள்ளது. மெல்லிய இனிப்புத் தகட்டில் ஓர் உருவம் கோடாகப் பதிந்திருக்கும். ஊசியினாற் சிறிது சிறிதாகக் குத்தி, உருவம் உடையாமற் பிரித்தெடுப்போர்க்குப் பரிசு உண்டு. பெரும்பாலோர் கையில் உருவம் உடைந்தே போகும். முதலாவது விளையாட்டில் எவரும் தோற்பதில்லை. இரண்டாவதில் வெல்வோர் சிலரே. பிற்காலத்தில் பொதிகளை வகுத்தோர் முதலாவதன் வழியைப் பின்பற்றினர் எனலாம்.

இவ்வகையிற் பெயர் பெற்ற பண்டம் 1986ஆம் ஆண்டில் வெளிவந்த 'நெரு நெரு நெருனே' என்பது. 'நெரு' எனும் யப்பானியச் சொல்லுக்குப் பிசைதல் என்பது பொருள். அக்காலத்தில் அதனைச் செய்தது கனேபோ நிறுவனத்தின் உணவுப் பிரிவு. 2007இல் அப்பிரிவு கிராசி எனும் புதுப் பெயர் பெற்றது. முதலாம் பொடியை நீரிற் கலந்தால் நீலச் சாயலான குழம்பு வரும். இரண்டாம் பொடியைச் சேர்த்துக் கலக்கினால் நிறம் செவ்வூதாவாக மாறும். குழம்பும் நுரைத்துப் பொங்கி மென்மையான பசையாகும். மூன்றாம் பையிலுள்ள நொறுங்கும் இனிப்புத் துகளில் அதனைத் தோய்த்து உண்ண வேண்டும்.

பிள்ளையின் கண்ணுக்கு மாயமாகத் தோன்றும் இந்நிகழ்ச்சியின் உட்பொருள் எளியது. முதலாம் பொடியிற் சீனியுடன் அப்பச் சோடா எனப்படும் சோடியம் இருகாபனேற்று உள்ளது. இரண்டாவதிற் சித்திரிக்கமிலம், அதாவது தேசிக்காய்க்குப் புளிப்புத் தரும் பொருள், உள்ளது. இரண்டும் நீரிற் கூடும்போது காபனீரொட்சைட்டு வாயு குமிழிகளாக எழும். வெறும் நீராயின் அக்குமிழிகள் உடைந்து மறையும். முட்டை வெண்கருப் பொடி சேர்ந்திருப்பதால் வாயு சிறைப்பட்டு, கலவை பஞ்சுபோல் ஆகின்றது. நிறமாற்றத்துக்குக் காரணம் அந்தோசயனின் எனும் தாவர நிறப்பொருள். காரத்தில் நீலமாகவும் அமிலத்திற் செம்மையாகவும் தோன்றுதல் அதன் இயல்பு. சங்குப்பூ எனவும் வழங்கும் நீலக் காக்கணம்பூவை வெந்நீரில் இட்டு, அந்நீரிலே தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்து பார்த்தோர் இதே மாற்றத்தைக் கண்டிருப்பர்.

சோடாவும் அமிலமும் நீர் பட்டவுடனே வினைபுரிபவை. இரண்டையும் ஒரே பையில் அடைத்திருந்தால் பிள்ளைக்கு ஒரேயொரு கணமே வியப்பு இருந்திருக்கும். அவற்றை இரு பைகளாகப் பிரித்து, முதலில் ஒரு நிறம், பின்னர் வேறொரு நிறம், அதன் பின் பொங்குதல் என வரிசைப்படுத்தியமையால் ஒரு சிறு நாடகமே உருவாயிற்று. வேதியியலை அறிந்த பலர் இக்கலவையை ஆக்கியிருக்கக் கூடும். அதனை மூன்று காட்சிகளாகப் பகுத்ததே வகுத்தவரின் திறமை.

பின்னர் அந்நிறுவனம் 'பொப்பின் குக்கின்' எனும் வரிசையில் உணவுகளின் சிற்றுருவங்களை இனிப்பாகச் செய்யும் பொதிகளை வெளியிட்டது. அவற்றுட் பெரிதும் பேசப்படுவது சுஷி எனும் யப்பானிய உணவின் வடிவம். சோறும் மீனும் முட்டையும் போலத் தோன்றுபவை யாவும் இனிப்பே. அதிற் சால்மன் மீன்முட்டைகளை ஆக்கும் முறை குறிப்பிடத்தக்கது. சிறு குழாயினால் ஒரு கரைசலைத் துளித்துளியாக மற்றொரு கரைசலில் விட, ஒவ்வொரு துளியும் தோல் போர்த்த உருண்டையாக நிற்கும். இதற்கு உதவுவது சோடியம் அல்ஜினேற்று. கபில நிறக் கடற்பாசிகளிலிருந்து பெறப்படும் இப்பொருளை 1880களில் பிரித்தானிய வேதியியலறிஞர் ஸ்ரான்பேட் ஆராய்ந்து கூறினார். கல்சியம் உப்பைச் சந்தித்தவுடன் அது கூழாக இறுகும். 2003ஆம் ஆண்டிலிருந்து இதே வினையை ஸ்பெயினின் புகழ்பெற்ற 'எல் புல்லி' உணவகத்தின் சமையற்கலைஞர் கையாண்டு உலகை வியக்கச் செய்தனர். அவர்கள் அரும்பாடுபட்டுச் செய்த வித்தையைச் சில காசு கொடுத்து வாங்கிய பொதியிலே ஒரு பள்ளிச் சிறுமி செய்துவிடுகிறாள்.

அவள் கையில் அது தவறாமல் நிகழ வேண்டுமாயின், வகுப்போர் பல இடர்களை முன்னரே எண்ணியிருக்க வேண்டும். முதலாவது இடர் தண்ணீர். பொடிகளைத் தொழிற்சாலை நிறுத்துக் கொடுக்கலாம்; நீரை அளப்பது பிள்ளையே. சிறிது கூடினால் கலவை ஓடும், குறைந்தால் கட்டியாகும். அளவுக் குவளை எல்லா வீட்டிலும் இராது. ஆதலின் பல பொதிகளில் தட்டின் ஒரு மூலையை வெட்டி எடுத்தால் அதுவே முக்கோணச் சிறு கிண்ணமாகும்படி அமைத்துள்ளனர். இத்தனை கிண்ணம் என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளையும் அளந்துவிடும். நீரின் தன்மையும் கவனிக்கத்தக்கது. யப்பானிய நீர் பெரும்பாலும் மென்னீர். கல்சியம் மிகுந்த வன்னீரில் அல்ஜினேற்று சீராகக் கரைவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் கிணறுகளைப் போன்றவற்றின் நீரைப் பயன்படுத்தும் ஊர்களுக்காக இத்தகைய பொதியை எவரேனும் வகுத்தால், இதனை முதலிலேயே ஆராய்தல் வேண்டும்.

இரண்டாவது இடர் ஒழுங்கு. எப்பொடியை எக்குழியில் இடுவது என்பதில் மயக்கம் வரலாகாது. அதனாற் பைகள் நிறத்தாலும் படத்தாலும் வேறுபடுத்தப்பட்டு, குழிகளும் அவற்றுக்கேற்ப வகுக்கப்பட்டுள்ளன. செய்முறை படங்களாகவே தரப்படுவதால், எழுத்து வாசியாத பிள்ளையும் யப்பானிய மொழி அறியாத வெளிநாட்டாரும் அதனைப் பின்தொடர முடிகின்றது. மூன்றாவது இடர் நெருப்பு. பெரும்பாலான பொதிகளுக்குத் தண்ணீர் மட்டும் போதும். இறைச்சியப்பம் செய்யும் பொதி போன்ற சிலவற்றுக்கே நுண்ணலை அடுப்பு வேண்டும். அங்கே பெரியவர் ஒருவர் துணை நிற்றல் அவசியமாகின்றது.

நான்காவது இடர் யாவற்றினும் பெரிது. ஏட்டில் எவ்வளவு எழுதினாலும் பிள்ளை இடையிடையே விரலை நக்கும். பொடியை அப்படியே வாயிலிடும். ஆகவே முடிந்த பண்டம் மட்டுமன்றி, முடியாத நிலைகள் ஒவ்வொன்றும் உண்ணத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். உண்ணத்தகாத பொருள் இனிப்புடன் மயங்கவும் கூடாது. ஐக்கிய அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு உணவுச் சட்டம், உண்ண முடியாத பொருளை இனிப்புக்குள் பொதித்து விற்பதைத் தடுக்கின்றது. 1974இல் இத்தாலியில் வெளிவந்த, உள்ளே விளையாட்டுப் பொருள் கொண்ட சொக்கிலேற்று முட்டை அந்நாட்டில் விலக்கப்பட்டது இதனாலேயே. செய்து உண்ணும் பொதியில் இச்சிக்கல் எழுவதில்லை. அதிலே இனிப்புத்தான் விளையாட்டுப் பொருள்.

இத்துணை கவனம் செலுத்தியும், பெற்றோரின் ஐயத்தை வெல்லுதல் எளிதாக இருக்கவில்லை. நிறம் மாறி நுரைக்கும் பொருளைக் கண்ட தாய்மார், இது உடலுக்கு நஞ்சோ என அஞ்சுதல் இயற்கையே. உணவில் விளையாடாதே என்று கண்டித்து வளர்க்கும் வீடுகளுக்கு, விளையாடி உண்ணும்படி ஒரு பண்டத்தைக் கொண்டு சென்றால் முகம் சுளிப்பாரும் இருப்பர். செயற்கைச் சாயமும் பழுதுறாமற் காக்கும் மருந்தும் சேர்க்கப்படவில்லை என நிறுவனத்தார் பொதியின் மேலேயே அச்சிட்டனர். மேலும், இவ்வகைக்கு 'அறிவை வளர்க்கும் இனிப்பு' எனப் பொருள்படும் பெயரையும் சூட்டினர்.

அப்பெயர் தகுமா என்பதை நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும். சீனி சீனியே, எப்பெயரிட்டு அழைத்தாலும் பற்களுக்கு அது நன்மை செய்யாது. ஒரு கைப்பிடி இனிப்புக்காக ஒரு பிளாஸ்டிக் தட்டும் பல பைகளும் குப்பைக்குப் போகின்றன. படத்திற் கண்டவாறே செய்து முடிப்பது கற்றலாகுமா, கட்டளைக்குக் கீழ்ப்படிதலாகுமா என்ற வினாவும் உண்டு. இக்குறைகளை மறைத்தல் ஆகாது. ஆனால், அளந்து ஊற்றவும், வரிசை தவறாது செய்யவும், பொறுத்திருக்கவும் ஒரு பிள்ளை தன் விருப்போடு பழகுமாயின், அதுவும் பயிற்சியே. நீலம் ஏன் சிவந்தது என்று அது கேட்குமாயின், கல்வி அங்கே தொடங்கிவிட்டது. அக்கேள்விக்கு விடை பொதிக்குள் இல்லை. அருகிலிருக்கும் பெரியவரிடமே உள்ளது.

ஆகவே இத்தகைய பொதியை வகுக்க எண்ணுவோர் மனத்திற் கொள்ளத்தக்கது ஒன்றே. பிள்ளை செய்ய வேண்டிய வேலையை முற்றாகப் பறித்துக்கொண்டால் எஞ்சுவது வெறும் மிட்டாய். முற்றாக அதன் தலையிற் சுமத்தினால் எஞ்சுவது கண்ணீர். தோல்விக்கு இடமில்லாமலும், முயற்சிக்கு இடம் வைத்தும், இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பதே அவர் தொழில். முடிவில் வரும் இனிப்பு கடையில் விற்கும் இனிப்பினும் சுவையிற் சிறந்ததன்று. கோணலாக உருட்டிய அந்தச் சோற்றுருண்டையைப் பிள்ளை உடனே உண்ணாமல், வீட்டாரிடமெல்லாம் கொண்டு சென்று காட்டுகின்றதே. வகுத்தவர் விற்ற பொருள் உண்மையில் அந்தப் பெருமிதமே.