வேண்டாத எண்ணம் வந்தால்



பௌத்த தருமம் என்றவுடன் மழித்த தலையும் துவராடையும் வனத்தின் தனிமையும் நம் நினைவுக்கு வருகின்றன. அது துறவியர்க்குரிய நெறி; காலையில் பேருந்தைப் பிடித்து அலுவலகம் செல்லும் நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். மணிமேகலையைப் பெற்ற தமிழர்களாகிய நாம் அமுதசுரபியை நினைவில் வைத்திருக்கிறோம். அந்நெறி கற்பித்த மனப் பயிற்சியைப் பெரிதும் மறந்துவிட்டோம். அப்பயிற்சியின் ஒரு பகுதியை இன்று எண்ணிப் பார்ப்போம்.

பாலி மொழியில் அமைந்த மஜ்ஜிம நிகாயத்தில் 152 சூத்திரங்கள் உள்ளன. அவற்றுள் 19ஆவதும் 20ஆவதும் எண்ணங்களைப் பற்றியவை. இரண்டும் சிராவஸ்தி நகரத்து ஜேதவனத்தில் அருளப்பட்டவை. அவ்விடம் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது.

தாம் ஞானம் பெறுவதற்கு முன் தம் எண்ணங்களை இரு கூறாகப் பிரித்துப் பார்த்ததைப் புத்தர் 19ஆவது சூத்திரத்தில் கூறுகிறார். ஆசை, பகை, இம்சை பற்றியவை ஒருபுறம். இவற்றுக்கு மாறானவை மறுபுறம். எதை ஒருவன் அடிக்கடி எண்ணுகிறானோ, அதன் பக்கமே அவன் உள்ளம் சாய்ந்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இது நன்கு விளங்கும். ஊரிலுள்ள பூர்விக வீட்டைத் தம்பி தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முயல்கிறான் என்று ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே புறப்பட்டுச் சென்று கேட்க விடுப்பு இல்லை. நேரில் பேசித் தீர்க்க இயலாத கோபம் உள்ளத்திலேயே சுழல்கிறது. கோப்பைப் பிரிக்கும்போதும், அடுப்பருகே நிற்கும்போதும், இரவில் படுத்த பின்னும் அவனோடு வழக்காடுகிறோம். சில நாட்களில் அவ்வழக்கே நம் இயல்பாகி, எதிர்ப்பட்ட பிள்ளைகள்மீதும் பாய்கிறது.

இத்தகைய எண்ணத்தை அகற்ற 20ஆவது சூத்திரம் ஐந்து வழிகளை வரிசையாகச் சொல்கிறது.

முதல் வழி, தச்சனுடையது. மரத்தில் இறங்கிய முரட்டு ஆப்பை அவன் மெல்லிய ஆப்பு ஒன்றை வைத்து அடித்து வெளியேற்றுகிறான். அதுபோலத் தம்பியின் மீதுள்ள பகையை, முன்பு அவன் நமக்குச் செய்த ஒரு நன்மையின் நினைவால் பெயர்க்கலாம். பெற்றோர் நோயுற்ற காலத்தில் அருகிலிருந்து பார்த்துக்கொண்டவன் அவனாகவே இருக்கக்கூடும் அன்றோ?

அதனால் பயனில்லையெனில், அவ்வெண்ணத்தின் தீங்கை ஆராய வேண்டும். தம்மை அழகுபடுத்திக்கொள்ள விரும்பும் இளையோர், செத்த பாம்பைக் கழுத்தில் தொங்கவிட்டால் எவ்வளவு அருவருப்பர்! பகையெண்ணத்தையும் அவ்வாறே காணச் சொல்கிறார். மூன்றாவது, கவனியாதிருத்தல், காண விரும்பாதவன் கண்ணை மூடிக்கொள்வதைப் போன்றது.

நான்காவது வழி நுட்பமானது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அதனை, ‘எண்ணத்தை இயக்கும் விசையைத் தணித்தல்’ என்று தமிழில் கொள்வோம். விரைந்து நடப்பவன், ‘ஏன் விரைகிறேன்?’ என்று கேட்டு மெதுவாக நடக்கிறான், பின் நிற்கிறான், உட்காருகிறான், இறுதியில் படுக்கிறான். நாமும், ‘இக்கோபம் எதனால் ஓடுகிறது?’ என்று கேட்கலாம். வீட்டின் மதிப்பைக் காட்டிலும், ஊரில் நமக்கு இனி இடமில்லையோ என்ற அச்சமே அதனை ஓட்டுகிறது என்பது அப்போது புலப்படலாம். அச்சம் தெரிந்தவுடன் கோபத்தின் வேகம் குறைகிறது.

இந்நான்கும் பயன்படாதபோதுதான் ஐந்தாவது வழி: பல்லைக் கடித்து, நாவை அண்ணத்தில் அழுத்தி, வலியவன் எளியவனை அடக்குவதுபோல் மனத்தை அடக்குதல். நம்மில் பலர் இதனையே முதலில் கையாண்டு களைத்துப்போகிறோம். ஞானம் தேடிய காலத்தில் வியர்வை வழிய இம்முறையைத் தாமும் செய்து பார்த்ததாகவும், துன்பமே மிஞ்சியதாகவும் புத்தரே 36ஆவது சூத்திரத்தில் குறிப்பிடுகிறார். அதனை இங்கே கடைசியில் வைத்திருப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

வீட்டில் நமக்குள்ள பங்கை விட்டுவிடுமாறு இவ்வழிகள் கூறவில்லை. தம்பிக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதத்தான் வேண்டும். தணிந்த உள்ளத்தோடு எழுதினால், அது பதில் எழுதக்கூடிய கடிதமாக அமையும்.

இப்பயிற்சிக்குத் தனியிடமோ தனிநேரமோ தேவையில்லை. 19ஆவது சூத்திரத்தில் வரும் மாடு மேய்ப்பவன், பயிர் அடர்ந்த காலத்தில் கோலால் தட்டித் தட்டி மாடுகளைத் திருப்புகிறான். அறுவடை முடிந்து தானியம் ஊர் சேர்ந்தபின், மரத்தடியில் அமர்ந்து, ‘மாடுகள் அங்கே நிற்கின்றன’ என்று நினைவில் கொண்டாலே போதும். நமக்கு இப்போது பயிர் அடர்ந்த காலம். இன்றிரவு படுக்குமுன், பகலில் நம்மிடம் மேய்ந்த எண்ணங்களுள் எது பயிரில் வாய் வைத்தது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.