சம்பளம் ஓர் ஊரில், சாப்பாடு ஓர் ஊரில்



வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் இப்போது தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். ஓராண்டு போனதும் அவர்களுக்கு ஒரு யோசனை வந்துவிடுகிறது. லேப்டாப் ஒன்றுதானே ஆபீஸ்? அதைத் தூக்கிக்கொண்டு லிஸ்பனுக்கோ பாங்காக்குக்கோ போய்விட்டால் என்ன? உடனே ஊர்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இணைய வேகம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, காபி என்ன விலை. இது போதாது என்பது என் கட்சி. நான் புதுச்சேரிக்காரன். ஓர் ஊர்ச் சம்பளத்தை வாங்கி இன்னோர் ஊரில் சாப்பிடுவது எங்களுக்குப் பழைய கதை.

1881-இல், எங்கள் ஊரை ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. தங்கள் வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ள இந்தியர்களுக்கு அது வழிசெய்தது. அப்படி ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் கப்பலேறி, அதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனுக்குப் போனார்கள். வரி வசூல், போலீஸ், நீதிமன்றம் என்று எங்கும் நம்மூர் ஆட்கள். சைகோன் பணத்தில் இங்கே வீடுகள் எழுந்தன. அங்கே மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. இன்று வியட்நாமியர்களே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

அடுத்து, சொல்தாக்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள். வைத்துக்கொண்ட குடும்பங்களுக்கு வரவு பிராங்கில், பிறகு யூரோவில், செலவு ரூபாயில். இன்றைய இளைஞர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கும் கணக்கு இதுதான். அந்தப் பெரியவர்கள் ஊரை எப்படி மதிப்பிட்டார்கள் என்று பாருங்கள்: காகிதம் ஒழுங்காக இருக்கிறதா, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதா, பேச ஆள் உண்டா. காகிதம் என்றால் சும்மா இல்லை. ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று சான்று வாங்கி அனுப்பினால்தான் பென்ஷன் தொடர்ந்து வரும்!

வெளியூரிலிருந்து இங்கே வந்து உட்கார்ந்து வேலை பார்த்தவர் பாரதியார். 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தார். ‘இந்தியா’ பத்திரிகையை இங்கிருந்து நடத்தினார். அது பிரிட்டிஷ் எல்லைக்குள் போகத் தடை வந்ததும் 1910-இல் நின்றது. பின்னாளில் சென்னை சுதேசமித்திரனுக்குக் கட்டுரைகள் இங்கிருந்தே போயின. தபாலைப் போலீஸ் உளவாளிகள் பிரித்துப் படித்த காலம் அது. ஊர் எவ்வளவு அழகானாலும் தொடர்பு அறுந்தால் பிழைப்பு அறும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது இன்னொரு முறை விளங்கியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் இல்லை, முழங்காலுக்குத் தண்ணீர். எத்தனை மெகாபிட் கொடுக்கும் ஃபைபர் இருந்து என்ன பயன்?

இணைய வேகத்தைவிட நான் பெரிதாக நினைப்பது கடிகாரத்தை. முத்தியால்பேட்டையில் எங்கள் மாடி வீட்டுப் பெண் பாரிஸ் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு பார்க்கிறாள். கோடையில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே முள்ளைத் திருப்பி வைத்தால் முத்தியால்பேட்டையில் தோசைக்கல் ஒரு மணி நேரம் தள்ளி அடுப்பேறுகிறது. “மாமா, இனிமே மார்ச் வரைக்கும் எனக்கு ராச்சாப்பாடு பத்தரைக்குத்தான்” என்றாள். நியூயார்க் கம்பெனியாக இருந்தால் பொழுது விடிந்துவிடும். அதே பெண் பாங்காக் போனால் இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடும். அங்கே நள்ளிரவில் கடையை மூட வேண்டும். வாடகை மலிவு என்று ஊர் மாறி, தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நிறைய.

விசாவுக்கு வருவோம். இப்படி வேலை பார்ப்பவர்களுக்காகத் தாய்லாந்து 2024 ஜூலையில் ஐந்தாண்டு விசா ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு முறை உள்ளே போனால் 180 நாள் தங்கலாம். கையிருப்பாக 5 லட்சம் பாட், நம் கணக்கில் 12 லட்ச ரூபாய்க்கு மேல், காட்ட வேண்டும். போர்ச்சுகல் இதுபோன்ற விசாவை 2022-இல் தொடங்கியது. அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப் போல் நாலு மடங்கு மாத வருமானம் வேண்டும். 2025-இல் அது 3,480 யூரோ. பாலித் தீவில் செலவு குறைவு என்கிறார்கள், ஆனால் இந்தோனேசியா ஆண்டுக்கு 60,000 டாலர் வருமானம் கேட்கிறது. மலேசியா, மென்பொருள்காரர்களுக்கு, 24,000 டாலரோடு நிறுத்திக்கொள்கிறது. காபி மலிவான ஊரில் வாசற்படி உயரம்.

இப்படி வருகிறவர்களால் உள்ளூர்க்காரர் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். லிஸ்பனில் வாடகை ஏறி மக்கள் தெருவுக்கு வந்து கோஷம் போட்டார்கள். பார்சிலோனா நகராட்சி, சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் அடுக்கக வீடுகள் அனைத்தின் உரிமத்தையும் 2028-க்குள் முடித்துவிடப் போவதாக 2024-இல் அறிவித்தது. இங்கே புதுச்சேரியில் கால்வாய்க்குக் கிழக்கே ரூ துய்மா, ரூ ரோமன் ரோலான் பக்கம் குடியிருப்பு வீடு தேடிப் பாருங்கள். பாதி வீடுகளில் தங்கும் விடுதிப் பலகை தொங்கும். சனி ஞாயிறு பெங்களூரு வண்டிகளுக்கு நடுவே நடப்பதற்கே வித்தை தெரிய வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை. அந்த மட்டில் நிம்மதி.

மாடி வீட்டுப் பெண் பார்த்து வைத்திருக்கும் ஊர் மொரீஷியஸ். என்னைக் கேட்டால் கெட்டிக்காரத் தேர்வு. நேரத்தில் பாரிஸுக்கு ஒன்றரை மணி நேரம் கிட்டே போகிறாள். பிரெஞ்சு அங்கே புழங்குகிற மொழி. லா பூர்தொன்னே என்ற பிரெஞ்சுக்காரர் 1735-இல் அங்கே ஆளுநராகப் போனபின் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் அழைத்துப் போனார்; அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. 2020-இல் வந்த ஓராண்டு விசாவுக்கு மாதம் 1,500 டாலர் வருமானம் காட்டினால் போதும். புயல் மட்டும் அங்கேயும் உண்டு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் அவர்களுக்குத் தை, மாசி.

“அப்புறம் ஏம்மா இன்னும் கிளம்பலை?” என்று கேட்டேன். வேறொரு நாட்டிலிருந்து வேலை பார்க்கக் கம்பெனி எழுத்தில் சம்மதம் தர வேண்டுமாம். வரி, காப்பீடு என்று அவர்களுக்கு ஆயிரம் சிக்கல். பலரும் விசாவைக் கையில் வாங்கிய பிறகுதான் இதைக் கேட்கிறார்கள். இவள் முதலிலேயே கடிதம் போட்டுவிட்டாள். போட்ட மாதம்தான் சரியில்லை. ஆகஸ்டில் பாரிஸே விடுமுறையில் கிடக்கும். செப்டம்பர் வரை அவளுக்குப் பதில் எழுத ஆள் இருக்காது.