சம்பள அட்டை வேறு, கடன் அட்டை வேறு

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைக் கையில் எண்ணி வாங்கிய காலம் போய், இப்போது அது வங்கியில் விழுகிறது. அதை எடுக்க ஓர் அட்டை தந்திருக்கிறார்கள். இன்னோர் அட்டையை நீட்டி, "இதுவும் அதைப்போலத்தான்" என்று படிவத்தில் கையெழுத்துக் கேட்பவர்களும் லயத்துப் பக்கம் வருகிறார்கள். அதைப்போல இல்லை.

சம்பளக் கணக்கில் கிடப்பது நமது காசு. ஏ.டி.எம். அட்டை அந்தப் பெட்டியின் திறப்பு. ஐயாயிரம் கிடந்தால் ஐயாயிரம்தான் எடுக்கலாம். தீர்ந்தால் மெஷின் இல்லை என்றுவிடும், நாம் யாருக்கும் கடனில்லை. வங்கியே கவிழ்ந்தாலும் 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு.

கடன் அட்டையில் நமது காசு ஒரு சதமும் இல்லை. வங்கி கடைக்காரனுக்குக் கொடுக்கிறது, நாம் வங்கிக்குக் கட்ட வேண்டும். தவணைத் திகதிக்குள் முழுதாகக் கட்டினால் வட்டியில்லை. மாதச் சம்பளம் தவறாமல் வருகிறவருக்கு அது உதவவும் கூடும், இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. வேலைநாள் குறைந்தால் சம்பளமும் குறைகிற நமக்கு முழுதாகக் கட்டுவதுதான் சிக்கல். அதே அட்டையை மெஷினில் போட்டுக் காசு எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும், கட்டணமும் வேறு.

கணக்கைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடன் அட்டைக்கு வகுத்த உச்ச வட்டி ஆண்டுக்கு 28 வீதம். 50,000 ரூபா பாக்கி நின்றால் மாத வட்டி ஏறக்குறைய 1,166 ரூபா. "குறைந்தது 2,500 கட்டினால் போதும்" என்று பில்லில் இருந்தால், கடனில் குறைவது 1,334தான். 2024 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துக்கு நிர்ணயித்த நாட்சம்பளமே 1,350. மாதத்தில் ஏறக்குறைய ஒரு நாள் கொழுந்து பறிப்பது வட்டிக்கு மட்டும். கட்டாமல் விட்டால் கடன் தகவல் பணியகத்தில் பதிவாகும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனால் அந்தப் பதிவு முன்னால் நிற்கும்.

இதைவிட எங்களை உறுத்துவது இன்னொன்று. நம்மில் சிலர் சம்பள அட்டையையே வட்டிக்காரரிடம் ஈடு வைத்திருக்கிறார்கள், இரகசிய இலக்கத்தையும் சொல்லிக் கொடுத்து. சம்பளம் விழுந்த அன்று காலையிலேயே அவர் எடுத்துவிடுகிறார். மிச்சம் என்று அவர் தருவதுதான் வீட்டுக்கு வருகிறது. பிள்ளைக்குக் கொப்பி வாங்கவும் அவரிடம் போய் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதைப் பார்க்கிறோம்.

கங்காணி காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனை அதில் எழுதுவார்கள். அந்தக் கடனைப் பொறுப்பெடுக்கிற துரைதான் ஆளை எடுக்கலாம். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இன்றைக்கு நாமே ஒரு துண்டை எழுதிக் கொடுக்கிறோம்.

அட்டை ஈட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம். அடையாள அட்டையோடும் வங்கிப் புத்தகத்தோடும் கிளைக்குப் போய்ப் பழைய அட்டையை நிறுத்தி, புது அட்டையும் புது இலக்கமும் கேட்கலாம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, வட்டிக்காரரைக் கேட்கத் தேவையில்லை. வாங்கிய கடன் அதனால் அழியாது. அதைத் தவணையாகக் கட்டப் பேச வேண்டும், கட்டும் ஒவ்வொரு தடவையும் எழுத்தில் வாங்க வேண்டும். தனியாகப் போகத் தயங்குகிறவர்களோடு சங்கத்திலிருந்து இருவர் வருவோம்.

வரும்போது சம்பளத் துண்டையும் எடுத்து வாருங்கள். அதில் உள்ள தொகையும் புத்தகத்தில் விழுந்த தொகையும் ஒன்றா என்று பார்ப்போம். சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதம் வெட்டினால் தோட்டம் 12 வீதம் போட வேண்டும். அதையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.