ஒருநாள் கொடையும் நெடுநாள் தொண்டும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடமுழுக்கு நன்னாளில் ஓர் ஊர் எவ்வாறு விளங்கும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. யாகசாலையில் வேதமும் திருமுறையும் முழங்கும். விமானத்தின்மீது புனித நீர் விழும் கணத்தில் ஆயிரமாயிரம் கைகள் சிரமேற் குவியும். பிழைப்பை நாடித் தொலைவிடம் சென்றவர் அனைவரும் அன்று பிறந்த மண்ணை மிதிப்பர். அன்னதானம் நடைபெறும், நன்கொடை குவியும், கல்வெட்டிற் பெயர் பொறிக்கப்பெறும். மறுநாட் காலை வண்டிகள் புறப்படும். அதன்பின் 48 நாட்கள் மண்டலாபிஷேகம் நடைபெறும். அதுவும் நிறைவெய்திய பிறகு, 49ஆம் நாள் அந்தி வேளையில் சந்நிதியில் விளக்கேற்ற வருபவர் யார்? இன்றைய சிந்தனைக்கு உரிய வினா இதுவே.

இவ்வினாவுக்கு விடை காண வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. ஆகமங்களே வழி வகுத்துள்ளன. கோயில் வழிபாட்டை நித்தியம், நைமித்திகம், காமியம் என மூன்றாக அவை பகுத்துக் கூறும். நாள்தோறும் தவறாது நிகழ்வது நித்தியம். திருவிழாப் போன்று, உரிய காரணம் பற்றி உரிய காலத்தில் நிகழ்வது நைமித்திகம். ஒரு பயனை விரும்பிச் செய்வது காமியம். இவற்றுள் நித்தியமே அடிப்படை. ஆண்டுக்கொருமுறை பவித்திரோற்சவம் நடைபெறுவதன் கருத்து யாது? ஆண்டு முழுதும் நித்திய பூசையில் நேர்ந்த குறைகளை நிறைவு செய்தலே அன்றோ? சிறப்பு நாள் அன்றாட நாளுக்குத் துணையாக அமைந்ததேயன்றி, அதற்கு மாற்றாக அமைந்ததன்று.

கோயிலுக்குப் பொருந்தும் இம்முறை, கோயிலைச் சூழ்ந்து வாழும் ஊருக்கும் பொருந்தும். ஓர் ஊருக்கு நன்மை செய்ய விழைபவர் இரண்டு வழிகளில் அதனை நாடலாம். ஒருநாள் வந்து, கொடுத்து, மகிழ்ந்து செல்வது ஒரு வழி. ஊராரோடு கலந்து, அவர்தம் அன்றாட வாழ்வில் ஒரு பொறுப்பை ஏற்று, அதனை விடாது நடத்துவது மற்றொரு வழி. முன்னது நைமித்திகம் போன்றது. பின்னது நித்தியம் போன்றது.

ஒருநாள் கொடை இழிந்தது என்று எவரும் கருதிவிடலாகாது. இளையான்குடி மாற நாயனார் வரலாற்றை எண்ணிப் பார்க்க. மழை பெய்யும் நள்ளிரவில் அடியார் ஒருவர் பசியோடு வந்தார். வீட்டில் அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த நெல்லை இருளில் தடவிச் சேர்த்து எடுத்து வந்து, அமுது படைத்தார் நாயனார். நாளைய விளைவை எண்ணி இன்றைய பசியை ஒத்திவைக்கலாகாது என்பதே அவர் செயல் உணர்த்தும் உண்மை. வெள்ளம் வந்த ஊருக்கு வேண்டுவது அன்றைய சோறு. தீப்பற்றிய வீட்டிற்கு வேண்டுவது அன்றைய நீர். அவ்விடத்தில் நெடுநாள் திட்டம் பேசுவது அறமன்று. ஆயினும் வெள்ளம் வடிந்த பின்னும் ஊர் இருக்கிறது. அங்கு வாழும் மக்களும் இருக்கின்றனர். ஆகவே, ஒருநாட் கொடை முடியும் இடத்தில் நெடுநாட் பணி தொடங்கியாக வேண்டும்.

அப்பணி எங்ஙனம் அமைய வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுக்கள் தெளிவாகக் காட்டுகின்றன. நந்தா விளக்கு என்னும் ஏற்பாட்டைப் பலரும் அறிவர். ஒரு விளக்கு அணையாது எரிய வேண்டுமெனின், அக்காலத்தார் எண்ணெய் வாங்கிக் கொடுத்து அமைதியடைந்தாரல்லர். பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடுகளுக்கு ஈடாக 48 பசுக்களோ 16 எருமைகளோ கொள்ளப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். எஞ்சிய பயன் அவருக்கே உரியது. மூத்த ஆடு மாய்ந்தால் குட்டி அதனிடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. எனவேதான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று வழங்கினர். இறப்பும் மூப்பும் இல்லாத ஆடு உலகில் இல்லை; இறப்பையும் மூப்பையும் வென்றது அந்த ஏற்பாடே.

இதன் நுட்பத்தை உற்று நோக்குதல் வேண்டும. கொடுத்தவர் மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டிய நிலை இல்லை. கோயில் அவரை எதிர்பார்த்து நிற்கவில்லை. ஊரில் வாழும் ஓர் இடையர் குடி அதனால் பிழைத்தது. இறைவன் சந்நிதி ஒளி பெற்றது. தஞ்சைக் கல்வெட்டுக்களில் கால்நடையை ஏற்ற இடையர் பெயரோடு, அவருக்காகப் பொறுப்பேற்ற உறவினர் பெயரும் காணப்படுகின்றன. ஒரு விளக்கின் பின்னால் ஓர் உறவுக் கூட்டமே நின்றது என்பது இதனாற் புலனாகும். கொடையாளியின் செல்வம் ஊராரின் உழைப்போடும் நாணயத்தோடும் கலந்தபோதுதான் அது நந்தா விளக்காயிற்று.

பணமாகக் கொடுத்த கொடைகளும் இவ்வாறே அமைந்தன. முதலாம் இராசராசன் காலத்தில், அவன் தமக்கை குந்தவைப் பிராட்டியாரும் பிறரும் அளித்த காசுகள் ஊர்ச் சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டன. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாக வந்தது. சில அறங்களுக்கு அது நெல்லாக அளக்கப்பட்டது. வாழைப்பழமும் ஏலமும் சண்பக மொட்டும் வழங்குவதற்குக்கூடத் தனித்தனி முதல் வைக்கப்பட்டிருந்தது. முதல் அழியாது ஊரிலேயே நின்றது. ஊரார் அதனைத் தம் தேவைக்குப் பயன்படுத்தினர். அதன் பயனிற் பங்கு கோயிலுக்கு வந்தது. கோயிலும் ஊரும் ஒன்றையொன்று தாங்கி நின்ற முறை இதுவாகும்.

கோயிலின் அறம் மதிலுக்குள் அடங்கியதுமன்று. செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள திருமுக்கூடல் கோயிற் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்தில் அங்கு நடைபெற்ற ஆதுலர் சாலையைப் பற்றிக் கூறுகின்றது. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்துக்கு உரியன கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகிய ஒவ்வொருவருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. நோயாளிக்கு ஒருநாள் மருந்து கொடுத்து அனுப்புவது இரக்கம். நோய் வரும் நாளிலெல்லாம் மருத்துவர் அங்கே இருக்கும்படி செய்வது அறம்.

இனி, நெடுநாட் பணியை ஒரே மனிதர் நெடுநாள் கைப்பற்றி இருத்தல் வேண்டுமோ என்னும் ஐயம் எழலாம். இதற்கு உத்தரமேரூர் விடை பகர்கின்றது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவருள் 12 பேர் சம்வத்சர வாரியமாகவும், 12 பேர் தோட்ட வாரியமாகவும், 6 பேர் ஏரி வாரியமாகவும் அமைந்தனர். 360 நாட்கள் கழிந்ததும் அவர்கள் விலக வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். ஆட்கள் ஆண்டுதோறும் மாறினர். ஏரியும் தோட்டமும் தொடர்ந்து பேணப்பட்டன. மனிதர் பதவி குறுகியது. பணியின் ஆயுள் நெடியது. இதற்கு நேர்மாறாக, பதவி நெடிதாகவும் பணி குறுகியதாகவும் அமைந்த இடங்களிலெல்லாம் அறம் தேய்ந்தது என்பது கண்கூடு.

ஒன்றை மறைத்தலாகாது. உத்தரமேரூர்ச் சபை ஊரார் அனைவர்க்கும் இடம் தந்ததன்று. நிலமும் மறைக் கல்வியும் உடையவர்க்கே அது உரியதாயிருந்தது. ஊர் என்ற சொல் ஊரார் அனைவரையும் குறிக்கும் காலம் பின்னரே அரும்பியது. 1939 ஜூலை 8ஆம் நாள், மதுரை அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், தடுத்து வைக்கப்பட்டிருந்த அன்பர் சிலர் மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் புகுந்து வழிபட்டனர். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது. கதவு ஒருநாளில் திறந்தது. அது மாண்புமிக்க நாள். ஆயினும், திறந்த கதவின் வழியே வந்தவர் திருப்பணிக் குழுவிலும் பந்தியிலும் தேர்வடத்திலும் சமமாக நிற்கின்றாரா என்பதை ஒவ்வொரு நாளும் கவனிக்க வேண்டியுள்ளது. ஊரில் ஒரு பகுதியினர் ஒதுங்கி நிற்குமாயின், கோபுரம் எவ்வளவு உயர்ந்தாலும் திருப்பணி நிறைவு பெற்றதாகாது.

அழியா முதலென வைத்த அறங்களும் பல அழிந்தன. 96 ஆடுகள் என்று கல் இன்றும் கூறுகின்றது. மந்தையும் இல்லை, விளக்கும் இல்லை. நிலங்கள் கைமாறின, குத்தகை நின்றது, கேட்பார் இலர். காரணம் பலவாயினும், அவற்றுள் ஒன்று எல்லார்க்கும் பாடமாவது: கல்லில் எழுதிவைத்ததைப் படித்துக் காட்டி, கணக்குக் கேட்கும் ஊர் இல்லாதபோது, எந்த ஏற்பாடும் தானாக நில்லாது. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் கண்காணிப்புக்கு வழி செய்தது. வருவாயற்ற ஆயிரக்கணக்கான கோயில்களில் ஒருகால பூசையேனும் நடைபெறும் பொருட்டு, வைப்புநிதியின் வட்டியிலிருந்து உதவும் திட்டமும் தமிழ்நாட்டில் உண்டு. இவை போற்றத்தக்கன. ஆனால் வட்டித்தொகை எண்ணெய் வாங்கும். திரியை ஏற்ற ஒரு கை வேண்டும். கதவைத் திறக்கும் அர்ச்சகர் குடும்பம் பசியின்றி வாழ வேண்டும். அதனை ஊரே கவனிக்க வேண்டும்.

பெருஞ்செல்வர் இல்லாத ஊர் என்ன செய்யும் என்று மலைக்க வேண்டா. வணிகர் தம் வாணிகத்தில் சிறு பகுதியை மகமை என்று ஒதுக்கிக் கோயிலையும் சத்திரத்தையும் நடத்தியது பழைய வழக்கம். காஞ்சிப் பெரியவர் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடியரிசித் திட்டத்தை வற்புறுத்தினார். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை இறைவனுக்கென ஒதுக்குதல் அதன் முறை. ஒரு பிடி 50 கிராம் எனக் கொண்டால், 200 வீடுகள் உள்ள ஊரில் நாளொன்றுக்கு 10 கிலோ சேரும். அர்ச்சகர் வீட்டிலும் ஏழை வீட்டிலும் அடுப்பு எரிய அது போதும். அரிசியினும் பெரிய பயன் ஒன்று உண்டு. நாள்தோறும் 200 இல்லத்தரசியர் கோயிலை நினைக்கின்றனர். எந்த வைப்புநிதியும் தர இயலாத காவல் அது.

அடியார் வரலாறுகளிலும் இந்நெறியே மிளிர்கின்றது. கணம்புல்ல நாயனார் செல்வம் உள்ளபோது விளக்கெரித்தார். செல்வம் போனபோது புல்லரிந்து விற்று விளக்கெரித்தார். தண்டியடிகள் பார்வை இல்லாதவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து குறைந்தமை கண்டு, கம்பு நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று கூடை கூடையாக மண் சுமந்தார். ஒரு கூடை மண்ணால் குளம் ஆழமாவதில்லை. அடுத்த கூடையை நிறுத்தாமையால் ஆழமாயிற்று. திருநாவுக்கரசர் கையில் இருந்த உழவாரமும் அத்தகையதே. ஒருமுறை செதுக்கினால் புல் மீண்டும் முளைக்கும். முளைக்கும் என்று அறிந்தே செதுக்குவதுதான் தொண்டு.

ஆகவே, குடமுழுக்குக் காண வரும் கொடையாளர் உள்ளத்திற் கொள்ளத் தக்கவை சில உள. கொடுக்குமுன் ஊராரிடம் கேட்க. மூன்றாவது வெள்ளிக் கவசத்தினும் அர்ச்சகர் வீட்டுக் கூரை அவசரமாக இருத்தல் கூடும். கொடையில் ஒரு பகுதியை அன்றைய விழாவுக்கும், ஒரு பகுதியை அன்றாட பூசைக்கும் உரியதாக்குக. ஆண்டுக்கொருமுறை கணக்கை ஊர் நடுவே படிக்கச் செய்க. ஓதுவார்க்கு ஒருநாள் பொன்னாடை போர்த்துவதோடு அமையாது, அவரிடம் ஊர்ச் சிறுவர் சிலர் திருமுறை பயில ஏற்பாடு செய்க. திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாளில், அறிவிப்பின்றி, ஒருமுறை வந்து செல்க. அன்று சந்நிதியில் எண்ணெய் உள்ளதா, குளத்தில் நீர் உள்ளதா, முதியோர் நலமா என்று காண்க. அந்த ஒரு வருகை ஊரின் உண்மை நிலையைக் காட்டும்.

பழங்கல்வெட்டுக்களின் இறுதியில் ஒரு வழக்கு உண்டு. அறம் செய்தவர், இவ்வறத்தைப் பிற்காலத்தில் காப்பவர் எவராயினும் அவர் திருவடி தம் தலைமேல் ஆகுக என்று பொறித்து வைப்பர். பேரரசரும் பெருவணிகரும் அங்ஙனம் எழுதினர். தாம் மறைந்த பின் அவ்விளக்கை ஏற்றப்போகும், முகமறியாத, பெயரறியாத ஏழை ஒருவரின் அடியைத் தம் முடிமேற் சூடினர். கொடுத்தவரினும் காப்பவரே உயர்ந்தவர் என்னும் அடக்கம் அவர்பால் இருந்தது. அவ்வடக்கம் கொடையாளரிடத்தும், அக்காவல் ஊராரிடத்தும் நிலைபெறுமாயின், 49ஆம் நாளும் விளக்கு எரியும். பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த குடமுழுக்குக்கு வருபவர் அதனைக் கண்டு வணங்குவர்.

சந்திர சூரியர் உள்ளவரை அறம் நிற்க! ஊர் வாழ்க! திருவிளக்கு நந்தாது எரிக!