மெஹர்கர் கூறும் பாடம்



பாகிஸ்தானைச் சேர்ந்த பலூசிஸ்தானில், போலன் கணவாயின் அடிவாரச் சமவெளியில் மெஹர்கர் என்னும் தொல்லூர் உள்ளது. 1974ஆம் ஆண்டில் ழான் பிரான்சுவா ஜாரிஜ் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் குழுவினருடன் அங்கே அகழ்வைத் தொடங்கினார். சிந்துவெளி நகரங்கள் தோன்றுவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது.

மட்பாண்டம் வழங்காத காலத்திலேயே அம்மக்கள் சுடாத செங்கல்லால் சிறு சிறு அறைகள் கொண்ட வீடுகளை எழுப்பினர். பார்லியும் கோதுமையும் விளைத்தனர். முதலில் பெரிதும் வேட்டையாடி உண்டவர்கள், நாளடைவில் ஆட்டையும் திமில் உடைய மாட்டையும் வளர்க்கலாயினர். இறந்தோரை வீடுகளுக்கு இடையே அடக்கம் செய்தனர். சில குழிகளில் ஆட்டுக்குட்டிகளையும் உடன் வைத்தனர். கடலுக்கும் அவ்வூருக்கும் இடையே சில நூறு கல் தொலைவு. எனினும் கடற்சிப்பி அணிகள் அக்குழிகளில் கிடைத்துள்ளன.

இவற்றினும் வியப்பான செய்தி 2006இல் வெளிவந்தது. அங்கே அடக்கமான ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில், கல்முனைத் துரப்பணத்தால் இட்ட துளைகள் காணப்பட்டன. துளைகளின் விளிம்புகள் மென்றதனால் தேய்ந்திருந்தன. ஆகவே, துளையிட்ட பின்னரும் அவர்கள் உயிரோடிருந்து உணவு உண்டனர் என்பது தெளிவு. மணிகளைத் துளைக்கப் பழகிய கையே பல்லையும் துளைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இவ்வூரின் தொடக்கத்தைக் கி.மு. 7000 என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். 2025இல் வெளியான ஆய்வு ஒன்று, பல்லின் மேற்பூச்சைக் கரியணு முறையில் கணித்து, கி.மு. 5200ஐ ஒட்டிய காலமே பொருந்தும் என்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் குறைந்துவிட்டன! இதனால் மெஹர்கரின் பெருமை குறைந்ததா?

அன்பர்களே, தொன்மையை ஆண்டுக் கணக்கால் மட்டுமே அளந்து, “எவர் மூத்தவர்” என்று வாதிடும் வழக்கம் நம் மேடைகளிலும் உண்டு. அக்கணக்கு நாளை மாறலாம். அதன்மேல் கட்டிய பெருமையும் அதனோடு சரியும். பிறன் பல்லைத் துளைத்த கைத்திறனும், இறந்தோரோடு ஆட்டுக்குட்டியை வைத்த மனமும் எக்கணக்காலும் சிறுமை அடையா. முன்னோர் எவ்வளவு பழையவர் என்று கேட்பதோடு, எவ்வாறு வாழ்ந்தனர் என்றும் கேட்போமாக. நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கேட்கக் கற்பிப்போமாக.