காசநோய் மாத்திரையும் மறதி நோயும்



ரிஃபாம்பிசின் என்ற மருந்து நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவர்களைக் கேளுங்கள். "சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீங்க" என்று முதல் நாளே நர்சம்மா சொல்லி அனுப்பியிருப்பார். தொழுநோய்க்குக் கொடுக்கிற கூட்டு மருந்திலும் இது உண்டு. இந்த மாத்திரைக்கும் அல்சைமர் என்கிற மறதி நோய்க்கும் ஒரு காலத்தில் முடிச்சுப் போட்டார்கள். போட்டவர்கள் விவரம் தெரிந்த விஞ்ஞானிகள்தான்.

1990களின் தொடக்கம். ஜப்பானில் தொழுநோய்க்காக ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டு, முதுமையில் இறந்தவர்களின் மூளையைச் சிலர் ஆராய்ந்தார்கள். அல்சைமர் நோயில் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படியும். அந்தப் படிவு இவர்களிடம் குறைவாக இருந்ததாக எழுதினார்கள். பிறகு சோதனைக் குழாயில், அமிலாய்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை ரிஃபாம்பிசின் தடுக்கிறது என்பதும் தெரிந்தது. அப்படியானால் மறதி நோய்க்கே இதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் வருவது இயற்கைதானே!

1998இல் இன்னொரு துப்பு கிடைத்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிரையன் பாலின் என்பவரின் குழு, அல்சைமர் நோயால் இறந்த 19 பேரின் மூளையைப் பரிசோதித்தது. நிமோனியாவை உண்டாக்கும் கிளமிடியா நிமோனியே என்ற கிருமியின் தடயம் 17 பேரிடம் இருந்தது. நோய் இல்லாத 19 பேரில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. கேட்கும்போதே ஆளைத் தூக்கிப்போடுகிற கணக்கு. ஆனால் மற்ற ஆய்வுக்கூடங்கள் தேடியபோது பலருக்கு அந்தக் கிருமி கிடைக்கவே இல்லை. கிடைத்தாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. மாடு முட்டித்தான் வேலி சாய்ந்ததா, வேலி சாய்ந்து கிடந்ததால் மாடு உள்ளே புகுந்ததா? நோயால் பழுதான மூளைக்குள் கிருமி பிறகு நுழைந்திருக்கலாம் அல்லவா?

கிருமியால் புத்தி பேதலிக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் மனநல மருத்துவமனைகளில், நினைவும் நிதானமும் கெட்டு, கை கால் விழுந்து இறந்துபோன நோயாளிகள் ஏராளம். 1913இல் நொகுச்சி என்ற ஜப்பானிய ஆய்வாளர் அத்தகையவர்களின் மூளையில் சிபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். பின்னாளில் பென்சிலின் வந்ததும் அந்த வார்டுகள் காலியாகத் தொடங்கின. கிருமியால் வந்த மதி இழப்பை ஆன்டிபயாடிக் விரட்டியது வரலாற்றில் உண்மையாகவே நடந்திருக்கிறது. ஆகவே அல்சைமர் விஷயத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டது தவறே இல்லை.

கேள்விக்கு விடை தேடியவர்கள் கனடா நாட்டு மருத்துவர்கள். நோய் ஆரம்ப நிலையிலும் நடு நிலையிலும் இருந்த 101 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளையும் மூன்று மாதம் தினமும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது.

பலனை எப்படி அளந்தார்கள் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பத்துச் சொற்களைக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். விரல்களின் பெயர் கேட்பார்கள். ஒரு தாளைக் கொடுத்து, மடித்து, உறையில் போட்டு, ஒட்டி, விலாசம் எழுதச் சொல்வார்கள். தபால் போடத் தெரிந்த எவருக்கும் சாதாரண வேலைதான். இந்த நோய் வந்தவரோ மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திகைப்பார். இப்படி 70 புள்ளி வரை போகும். இந்தத் தேர்வில் புள்ளி ஏறினால் நோய் முற்றுகிறது என்று பொருள்.

2004இல் முடிவு வெளியானது. ஆறாவது மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு மற்றவர்களைவிடச் சரிவு குறைவு. எவ்வளவு? 70க்கு 2.75 புள்ளி. ஓராண்டு முடிவில் பார்த்தபோது, அந்த வித்தியாசத்தைத் தற்செயல் அல்ல என்று புள்ளியியல்படி உறுதி சொல்ல முடியவில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. கிளமிடியா கிருமியின் தடயத்தில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. கிருமியைக் கொல்லத்தானே மருந்து கொடுத்தார்கள்? அந்தக் கணக்கில் ஒன்றும் மாறவில்லை என்றால், கிடைத்த நன்மை எந்த வழியாக வந்தது?

"நம்பிக்கை ஊட்டுகிறது, பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும்" என்று சொல்வதோடு பல ஆய்வுகள் நின்றுவிடும். கனடாக்காரர்கள் செய்தே பார்த்தார்கள். 14 மையங்கள், 406 நோயாளிகள், ஒரு முழு ஆண்டு. இரண்டு மருந்தும் சேர்த்து ஒரு பிரிவுக்கு, தனித்தனியாக இரண்டு பிரிவுகளுக்கு, போலி மாத்திரை ஒரு பிரிவுக்கு. முடிவு 2013இல் அச்சேறியது. பலன் இல்லை. முதல் ஆய்வில் தெரிந்த அந்தச் சிறு நன்மையும் காணாமல் போனது.

பிரிட்டனில் இன்னொரு ஆன்டிபயாடிக்கை எடுத்தார்கள். பெயர் மினோசைக்ளின். கிருமியைக் கொல்வதற்காக இல்லை, மூளையில் நடக்கிற அழற்சியைத் தணிக்கும் என்ற எதிர்பார்ப்பில். 544 பேர், இரண்டு ஆண்டுகள். அங்கும் போலி மாத்திரைக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தினம் 400 மில்லிகிராம் பெற்றவர்களில் பத்துக்கு மூன்று பேர்கூட மருந்தை முடிக்கவில்லை. உடம்பு தாங்கவில்லை. ஈறு நோய்க் கிருமியைக் குறிவைத்த இன்னொரு மருந்தும் 2021இல் தோற்றது. அது ஆன்டிபயாடிக் இல்லை, அந்தக் கிருமி சுரக்கும் நச்சை முடக்குகிற மருந்து. கல்லீரலுக்குக் கெடுதல் என்ற கவலையும் அதோடு சேர்ந்துகொண்டது.

இத்தனைக்குப் பிறகும் விவாதம் ஓயவில்லை. அமிலாய்டு என்பதே கிருமிகளைச் சிறைப்பிடிக்க மூளை சுரக்கிற பொருளாக இருக்கலாம் என்று அமெரிக்காவில் ராபர்ட் மாய்ரும் ருடால்ஃப் டான்சியும் ஆய்வு செய்து எழுதினார்கள். மூளையில் நோய் தொடங்கி பத்து பதினைந்து ஆண்டு கழித்துத்தான் மறதி வெளியே தெரிகிறது, அதற்குப் பிறகு கிருமியைக் கொன்று என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இது அடுத்த ஆய்வை எப்படி நடத்துவது என்பதற்கான வாதம். நாளைக்கே அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதற்கான வாதம் ஆகாது. கிருமிக்குப் பங்கு உண்டா என்பது ஒரு கேள்வி, இந்த மாத்திரை உதவுமா என்பது வேறு கேள்வி. டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின், மினோசைக்ளின் மூன்றையும் பொறுத்தவரை, நோய் வந்தபின் உதவவில்லை என்ற பதில் கையில் இருக்கிறது.

"எங்க மாமியாருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததும் தெளிஞ்சுட்டாங்களே" என்று சில வீடுகளில் சொல்வார்கள். பொய் இல்லை. வயதானவருக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று வந்தால் சில சமயம் காய்ச்சல்கூடத் தெரியாது. பதிலுக்கு இரண்டே நாளில் பேச்சு தடுமாறும், இரவில் தூக்கம் போகும், மகளையே யார் என்று கேட்பார். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கு இது இன்னும் எளிதாக வரும். தொற்றுக்கு மருந்து போனதும் குழப்பம் விலகிவிடும். தெளிந்தது தொற்றால் வந்த குழப்பம், அல்சைமர் அல்ல.

தலைகீழாகவும் நடக்கும். ஆன்டிபயாடிக்கே வயதானவரின் மனதைக் குழப்புவது உண்டு, சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதிகம். ரிஃபாம்பிசின் வேறு பல மருந்துகளின் வீரியத்தைக் குறைக்கும்: ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், சில சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் அதில் அடக்கம். போதாக்குறைக்கு, காசநோய்க் கிருமி இந்த மருந்துக்கு எதிராகப் பழகிவிடாமல் காக்க வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது. மருந்துக்கடையில் இதன் விற்பனைக்குத் தனிப் பதிவேடு வைக்கச் சட்டம் சொல்வது அதனால்தான்.

வீட்டில் மறதி நோய் உள்ள பெரியவர் இருந்தால் ஒன்று கவனியுங்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடுகிற மறதி வேறு. முந்தாநாள் வரை இருந்தவர் இன்று திடீரென்று மாறுவது வேறு. திடீர் மாற்றம் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்ச் சோதனை, ரத்தத்தில் உப்பின் அளவு, நெஞ்சில் சளி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். தொற்று இருந்தால் சில நாள் ஆன்டிபயாடிக் எழுதுவார், அதை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு பழைய மறதி அப்படியே இருக்கும். மருந்தை நிறுத்தியதால்தான் மறதி திரும்பிவிட்டது என்று நினைத்து, அதே சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போகாதீர்கள்.