பக்கத்து ஊரும் புதிய ஊரே



தில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ குடிபெயரும் தமிழர், அங்கே மொழியும் உணவும் உடையும் வேறாக இருக்கும் என்பதை அறிந்தே புறப்படுகிறார். ஆகவே, விளங்காததைக் கண்டால் பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அண்டை மாநிலத்துக்குச் செல்பவரின் நிலை அவ்வாறன்று. எல்லாம் நம்முடையது போன்றதே என்னும் எண்ணம் அவருக்கு இருக்கிறது. வேறுபாடு ஒன்று எதிர்ப்பட்டால் அவர் கேட்பதில்லை. உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறார். இதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

கோவை மாவட்டத்தின் எல்லையைக் கடந்ததும் வருவது வேலந்தாவளம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். கடைவீதியில் தமிழ் தாராளமாகவே ஒலிக்கும். புதிதாக வந்த தமிழர், தாம் மாநிலம் கடந்ததையே மறந்துவிடக்கூடும். அங்கிருந்து சித்தூருக்கோ பாலக்காட்டுக்கோ சென்று உணவு விடுதியில் அமரும்போதுதான் அவருக்கு வியப்புத் தொடங்கும்.

இலையில் விழும் சோறு பருமனாகவும் செம்மை படர்ந்தும் இருக்கும். குடிக்க வைத்த நீரோ இளஞ்சிவப்பு நிறம். அதுவும் வெதுவெதுப்பாக இருக்கும். பழைய நீரோ, சாயம் கலந்ததோ என்று அவர் ஐயுறுவார். உண்மையில் அது பதிமுகம் என்னும் மரத்தின் சீவலை இட்டுக் கொதிக்க வைத்த நீர். கொதித்தது என்பதற்கு அந்த நிறமும் சூடுமே சான்று. அடுத்து, 'வெள்ளம் வேண்டுமா?' என்று கேட்பார்கள். நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அழிப்பது, அவர்களுக்குக் குடிநீர். 'கறி' என்ற சொல்லைக் கேட்டதும் புலால் உண்ணாதவர் திடுக்கிட்டுக் கையை இலைமேல் மறைப்பார். வந்து நிற்பது பருப்போ பூசணிக்காயோதான். சோற்றுக்குத் துணையாவது எதுவாயினும் அங்கே கறிதான். சற்றுச் சிந்தித்தால், நாம் நாள்தோறும் சொல்லும் 'காய்கறி'யிலும் அப்பொருள் இருப்பது புலனாகும். 'மதியோ?' என்று கேட்டால், நம் அறிவை எவரும் ஐயுறவில்லை. போதுமா என்று வினவுகிறார்கள்.

நாட்காட்டியும் இவ்வாறே. நம் ஆவணி அங்கே சிங்ஙம். கொல்லம் ஆண்டு அம்மாதத்தில்தான் பிறக்கிறது. நம் சித்திரையாகிய மேடத்தில் வருவது விஷு. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாம் ஏப்ரல் 14 அன்று புத்தாண்டு கொண்டாட, விஷு 15 அன்று வந்தது. 'கணக்குத் தவறிவிட்டதோ?' என்று கேட்பது எளிது. விஷுவின் உயிர்நிலை விடியற்காலையில் காணும் கணியாகும். அவ்விரு ஆண்டுகளிலும் சூரியன் மேட ராசியில் புகுந்தது 14-ஆம் நாள் விடிந்த பின்னரே. ஆதலால் கணி மறுநாள் விடியலுக்குச் சென்றது. கணக்கு ஒன்றுதான், நாளைக் கொள்ளும் முறைதான் வேறு.

இவையெல்லாம் சிரித்து மறக்கத்தக்கவை. மனத்தைத் தைக்கக்கூடியதும் ஒன்று உண்டு. சித்தூர் பகவதி கோவிலில் கும்ப மாதத்தில், அதாவது மாசியில், 'கொங்கன் படை' என்னும் விழா நடைபெறுகிறது. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவனைப் பகவதியே வீழ்த்தி ஊரைக் காத்தாள் என்பது அவ்விழாவின் கதை. கோவையிலிருந்து அண்மையில் குடிவந்தவர் அவ்வூர்வலத்தின் நடுவே நிற்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே பகைவன் அவருடைய ஊரானே! முகம் சுளித்து வெளியேறுவாரானால், அண்டை வீட்டார்க்கும் அவருக்கும் இடையே ஒரு சுவர் எழும்பிவிடும். சூரசம்ஹாரத்தன்று சூரனாக வேடம் கொள்பவரை நாம் பகைக்கிறோமா? இல்லை. மறுநாள் அவரோடு ஒன்றாக அமர்ந்து உண்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே படையும் வந்தது. வண்டியும் வணிகமும் வந்தன. விழா நினைவில் வைத்திருப்பது பழைய அச்சத்தை. அடுத்த வீட்டுக்காரரை அன்று.

இன்னொரு கேள்வியையும் புதியவர் தவிர்ப்பது நலம். அப்பகுதித் தமிழரிடம், 'நீங்கள் எப்போது இங்கு வந்தீர்கள்?' என்று கேட்பது அது. சித்தூர் வட்டம் முன்பு கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது; அதை அடுத்த பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் இரண்டும் கேரளத்தில் அமைந்தன. ஆட்சிகள் மாறிய அந்நிலத்தில் தலைமுறைகளாக வாழ்பவர் அவர்கள், வந்தவர் நாமே. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுத உரிமை அளித்திருக்கிறது. அவர்களிற் பலர் அவ்வுரிமையையும் போற்றி, மலையாளத்தையும் செவ்வையாகக் கற்றிருக்கிறார்கள். ஒன்றைக் கற்க மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அவர்களே சான்று.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களே! நீங்கள் வாழும் ஊரிலும் இத்தகைய வழக்கங்கள் இருக்கும். விளங்காதது ஒன்றைக் கண்டால், 'இது ஏன் இப்படி?' என்று அடுத்த வீட்டுப் பெரியவரிடம் பணிவாகக் கேளுங்கள். ஏளனத்தோடு கேட்டால் அவர் வாயடைத்துப் போவார். அறியும் ஆவலோடு கேட்டால் திண்ணையில் இடம் தந்து அமரச் சொல்வார். அவ்வழக்கத்தின் காரணத்தோடு அவர் நட்பும் உங்களுக்குக் கிடைக்கும். பிறகு உங்கள் வீட்டுப் பொங்கலுக்கு அவரை அழைத்து, அவர் கேட்கும் கேள்விகளுக்கும் பொறுமையோடு விடை சொல்லுங்கள்.